ஒவ்வாமை ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது: வரிசை தவறாத முழுமையான வழிகாட்டி

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்ன மறுநாளே பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். மெத்தை உறை, காற்றுச் சுத்திகரிப்பான், விலை உயர்ந்த தூசி உறிஞ்சி என எல்லாம் வீடு வந்து சேர்கின்றன. இரண்டு வாரம் கழித்தும் இரவு இருமல் நிற்காததால் மனம் சோர்ந்து, வளர்ப்புப் பூனையை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இன்ஹேலரோ மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இங்கே தவறுவது வரிசை. உள்ளே வீங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய் எதைக் கண்டாலும் சுருங்கும்; தூசி, புகை, குளிர்காற்று, வாய்விட்டுச் சிரிப்பது என்று எதையும் விட்டுவைக்காது. அந்த வீக்கத்தை மருந்தால் தணித்த பிறகுதான், எந்தத் தூண்டுதல் உண்மையில் உங்களைத் தாக்குகிறது என்பது பிடிபடும். ஆகவே மருந்து முதலில், வீடு அடுத்து. புதிதாக இன்ஹேலர் பிடிப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்; அவர்கள் இடறும் இடங்களை வைத்தே இந்தப் படிகளை அடுக்கியிருக்கிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு குறிப்பேடு, ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், உங்கள் இன்ஹேலரின் வாயில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல், முகம் பார்க்கும் கண்ணாடி, அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மானி. இவை போதும்.

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்பதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் குழல். நெஞ்சு இறுகுவதை உணரும் முன்பே பலருக்கு இந்த எண் இறங்கிவிடும். நின்றுகொண்டு ஆழமாக மூச்சிழுத்து, உதடுகளால் குழலை இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வேகமாக ஊதுங்கள். மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். எப்போதும் ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள். மீட்டருக்கு மீட்டர் அளவு சற்று மாறும்.

1. ஆஸ்துமாதான் என்பதை உறுதி செய்யுங்கள்

மூச்சிரைப்பெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. இதயக் கோளாறு, நீண்டகாலப் புகைப்பழக்கத்தால் வரும் நுரையீரல் அடைப்பு, குரல்நாண் கோளாறு ஆகியவையும் இதே வேடத்தில் வரும். அதனால் மூச்சின் அளவையும் வேகத்தையும் கருவியில் ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவை. முதலில் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால், பெரியவர்களுக்கு அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று.

நலமாக இருக்கும் நாளில் ஊதினால் முடிவு இயல்பாகவே வரக்கூடும். அதைக் கண்டு நோயே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு வாரம் காலையும் மாலையும் பீக் ஃப்ளோ எடுத்துப் பாருங்கள். ஒரே நாளின் காலை, மாலை அளவுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் பெரியவர்களுக்குச் சராசரியாக 10 சதவீதத்தையும் சிறுவர்களுக்கு 13 சதவீதத்தையும் தாண்டினால் அதுவும் சான்றுதான். இயன்றவரை தடுப்பு மருந்தைத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பின் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். தொல்லை கடுமையாக இருந்தால் மட்டும் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

2. இரண்டு வகை இன்ஹேலர்களைப் பிரித்தறியுங்கள்

நிவாரண இன்ஹேலர் சுருங்கிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு சீராகும், சில மணி நேரத்தில் அதன் பலன் தீர்ந்துவிடும். தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. அது வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமும், முழுப் பலன் கிடைக்கச் சில மாதமும் ஆகும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். உடனே சுகம் தரும் நிவாரணியைக் கொண்டாடுகிறார்கள். எந்த மாற்றமும் தெரியாத தடுப்பு மருந்தைப் பத்தாம் நாளில் கைவிடுகிறார்கள். நிவாரணி வீக்கத்தைத் தொடுவதே இல்லை. உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவருகிறது. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு எந்த முறை என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு, இன்ஹேலரின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஒரு நிவாரணிக் குப்பியில் பொதுவாக 200 அழுத்தங்கள் இருக்கும். ஆண்டுக்கு மூன்று குப்பி அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று வீதம் தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. குப்பியைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயத்துக்கு ஒரு கணக்கு. குறைந்த அளவுத் தடுப்பு மருந்து ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம்தான். கடும் தாக்குதலின்போது விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாதுதான். ஆனால் சிறு அளவை அஞ்சி விலக்குபவர்கள்தான் பிறகு பெரிய அளவை விழுங்க நேர்கிறது.

3. கண்ணாடி முன் நின்று இன்ஹேலர் பழகுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். இன்ஹேலர் பயன்படுத்துபவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் வரை தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஜினா குறிப்பிடுகிறது. மருந்து சரியில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ‘எங்கே, ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்’ என்பதுதான். பெரும்பாலும் அங்கேயே காரணம் தெரிந்துவிடும்.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலர் என்றால் வரிசை இது. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள், மருந்தும் உந்துவாயுவும் கலந்தால்தான் அளவு சரியாக வரும். புதிய குப்பி என்றாலும், பல நாள் தொடாத குப்பி என்றாலும் முதல் சில அழுத்தங்களைக் காற்றில் விட்டுவிட வேண்டும். எத்தனை என்பது உள்ளே இருக்கும் தாளில் இருக்கும். மூச்சை மெதுவாக முழுதும் வெளியே விடுங்கள். உதடுகளால் இறுகக் கவ்வி, மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் ஒருமுறை அழுத்துங்கள். 3 முதல் 5 வினாடி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள். பிறகு 10 வினாடி மூச்சை நிறுத்துங்கள். இரண்டாவது அழுத்தம் வேண்டுமென்றால் அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது கண்ணாடியைப் பாருங்கள். வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை கசிந்தால் மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை. தொண்டையில் சுளீரென்று பட்டு இருமல் வந்தால், அழுத்திய பிறகு தாமதமாக இழுத்திருக்கிறீர்கள், அல்லது படுவேகமாக இழுத்திருக்கிறீர்கள்.

இந்த நேரக் கணக்கு கைக்கு வராதவர்கள் ஸ்பேசர் வையுங்கள். உண்மையில் எல்லோருமே வைப்பது நல்லது. மருந்து ஸ்பேசருக்குள் சிறிது நேரம் தங்கும்; நீங்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு ஓர் அழுத்தம் மட்டுமே. இரண்டு மூன்றை ஒன்றாக அழுத்தினால் துளிகள் சுவரில் படிந்து வீணாகும். மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அமிழ்த்தி எடுத்துத் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும்.

பொடி வடிவ இன்ஹேலருக்கு முறை நேர் எதிர். வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பொடியைச் சிதறடித்து உள்ளே கொண்டுபோவது உங்கள் மூச்சின் விசைதான். இன்ஹேலருக்குள் ஊதிவிடக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். இரண்டு வகையையும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிப்போட்டுக் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். இயன்றால் இரண்டையும் ஒரே வகையாகத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். வாயில் வெண்படலமும் குரல் கம்மலும் வராமலிருக்க இது உதவும். பல் துலக்கும் நேரத்தோடு மருந்தை இணைத்துவிட்டால் இரண்டும் மறக்காது.

4. செயல்திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள்

தாக்குதல் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கும் பதற்றமாக இருக்கும். அதனால் என்ன செய்வது என்பது முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும். நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் நீங்கள் ஊதிய மிக உயர்ந்த எண்ணே உங்கள் அடிப்படை. அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழ் சிவப்பு. உங்கள் உயர்ந்த எண் 400 என்றால் 320, 200 ஆகியவை எல்லைகள். ஒவ்வொரு நிறத்திலும் எந்த மருந்து, எத்தனை முறை என்று மருத்துவர் எழுதித் தரட்டும்.

தாக்குதல் நேரத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். படுக்க வேண்டாம். சால்பியூட்டமால் வைத்திருப்பவர்களுக்கு, திட்டத்தில் வேறு அளவு இல்லையென்றால், பரவலாகச் சொல்லித்தரப்படும் முதலுதவி இது: ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 அழுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் காத்திருப்பு. தணியவில்லை என்றால் மறுபடி 4. அப்போதும் தணியவில்லை என்றால் ஆம்புலன்ஸ். அது வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கம் வருகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். இரைப்புச் சத்தம் திடீரென நின்று, மூச்சு மட்டும் சீராகவில்லை என்றால் அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அதற்குப் பொருள். பூச்சிக்கடிக்கோ ஏதாவது உண்டதற்கோ பிறகு தடிப்பு, தொண்டை வீக்கம், மயக்கம் ஆகியவற்றோடு மூச்சு இறுகினால் அது உடல் முழுவதையும் பாதிக்கும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, இன்ஹேலர் அடுத்துத்தான்.

5. நான்கு வாரம் நாட்குறிப்பு எழுதுங்கள்

தேதி, காலை மாலை பீக் ஃப்ளோ, இரவில் விழித்தீர்களா, நிவாரணி எத்தனை முறை, அன்று எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்.

எழுதியதைப் படிக்கும்போது பின்னோக்கிப் பாருங்கள். ஒவ்வாமைத் தாக்குதலுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. தூண்டும் பொருள் பட்ட சில நிமிடங்களில் ஒன்று, பிறகு 4 முதல் 8 மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதுதான் நீண்டு வதைக்கும். ஒரு பெண்மணியின் குறிப்பேட்டில் சனிக்கிழமை இரவுகளில் மட்டும் ‘இரண்டு மணிக்கு விழித்தேன்’ என்று இருந்தது. படுக்கையறையில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். படுக்கை வாரம் முழுதும் அதேதான். சனிக்கிழமை மாலையில் மட்டும் நடந்தது, பழைய துணி அடுக்கிய பரண் அறையைப் பெருக்கும் வேலை. அந்த வேலையை வேறொருவர் ஏற்றதும் சனிக்கிழமை இரவுகளும் மற்ற இரவுகளைப் போலாயின.

வேலை நாட்களில் மோசமாகி விடுமுறையில் சரியாகிறது என்றால் பணியிடத்தைச் சந்தேகியுங்கள். மாவு, மரத்தூள், சாயம், துப்புரவு இரசாயனம் போன்றவை இப்படித்தான் பிடிபடும். இதை மருத்துவரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பணியிடத் தூண்டுதலோடு பல காலம் பழகியபின் விலகினால் முழுக் குணம் கிடைப்பது கடினம்.

6. நாட்குறிப்போடு போய்ப் பரிசோதனை செய்யுங்கள்

தோல் குத்துப் பரிசோதனையில் ஒவ்வாமைப் பொருளின் துளியைத் தோலில் வைத்து மெல்லக் கீறுவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிப்பு எழுந்தால் உடல் அந்தப் பொருளுக்கு எதிர்வினை காட்டுகிறது என்று பொருள். ஒவ்வாமை மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையேல் தடிப்பே எழாது. பலர் அதோடு சேர்த்து இன்ஹேலரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையில்லை, ஆபத்தும்கூட. மாத்திரையை நிறுத்த இயலாதவர்களுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு.

தடிப்பு எழுந்ததெல்லாம் உங்கள் ஆஸ்துமாவைத் தூண்டுவதாகிவிடாது. நாட்குறிப்பும் பரிசோதனையும் ஒரே பொருளைச் சுட்டினால்தான் அதன் பின்னே போக வேண்டும். நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தச் சொட்டில் பதில் சொல்வதாக விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனைகளை ஒதுக்கிவிடுங்கள். அவை ஒவ்வாமையைக் கண்டறிவதில்லை. உணவு மட்டும் தனியாக ஆஸ்துமாவைத் தூண்டுவதும் அரிது.

7. படுக்கையறையிலிருந்து தொடங்குங்கள்

ஒரே இடத்தில், மூக்கைத் தலையணையில் புதைத்து, ஏழெட்டு மணி நேரம் கழிப்பது படுக்கையறையில்தான். வீடு முழுவதையும் அரைகுறையாக மாற்றுவதைவிட இந்த ஓர் அறையை முழுதாக மாற்றுவது பலன் தரும்.

தூசி உண்ணி: கண்ணுக்குத் தெரியாத இது, நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. பெரிதும் ஒவ்வாமை தருவது அதன் எச்சம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீர் எச்சத்தை நீக்கினாலும் உண்ணியைக் கொல்லாது. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, முழுதும் மூடி ஜிப் போடும் உறை போடுங்கள். துவைக்க முடியாத பொம்மையை உறைபெட்டியில் ஒரு நாள் முழுதும் வைத்து, பிறகு தூசி தட்டுங்கள். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் உண்ணி தானாகவே குறையும். உறை மட்டும் போட்டு நிறுத்தினால் பெரும்பாலும் பலன் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் தூசியை மேலே கிளப்பும். நோயாளி அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம்.

காற்றுச் சுத்திகரிப்பான்: உண்ணியின் எச்சம் கனமானது, கிளம்பிய சிறிது நேரத்தில் படிந்துவிடும், வடிகட்டியை எட்டவே எட்டாது. பூனையின் ஒவ்வாமைப் புரதமோ நுண்துகளாக நெடுநேரம் மிதக்கும். ஆகவே நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள கருவி பிந்தையதற்கு ஓரளவு உதவும். ஓசோன் வெளியிடும் கருவியை வாங்கவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

வளர்ப்புப் பிராணி: ஒவ்வாமையே தராத இனம் என்று எதுவும் இல்லை. பூனையை வெளியேற்றினாலும் அதன் புரதம் நான்கு முதல் ஆறு மாதம்வரை வீட்டில் தங்கும். ஒரு வாரம் பக்கத்து வீட்டில் விட்டுப் பார்த்து முடிவு செய்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். பிரிய மனமில்லை என்றால் படுக்கையறைக் கதவையாவது அதற்கு நிரந்தரமாகச் சாத்துங்கள்.

பூஞ்சை: துடைப்பதற்கு முன் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள், ஈரம் இருக்கும்வரை அது திரும்ப வரும். துடைக்கும் வேலையை நோயாளி செய்யக் கூடாது.

கரப்பான்: தெளிப்பான் வேண்டாம், பசை வடிவப் பொறி போதும். செத்த பின்னும் எச்சம் ஒவ்வாமை தரும் என்பதால் இண்டு இடுக்குகளைக் கழுவித் துடையுங்கள்.

மகரந்தம்: அந்தப் பருவத்தில் சன்னலைச் சாத்துங்கள், வெளியே போய் வந்ததும் உடை மாற்றிக் குளியுங்கள், துணியை உள்ளே உலர்த்துங்கள். இடியோடு கூடிய மழைக்கு முன்வீசும் காற்றில் கூடுதல் கவனம் வேண்டும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அப்படியொரு மாலையில் புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகி, ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதுவரை மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ளவர்கள்.

8. ஒவ்வாமை அல்லாத தூண்டுதல்களையும் கவனியுங்கள்

புகை, வாசனைத் திரவியம், கடும் நெடியுள்ள துப்புரவுத் திரவம் ஆகியவை பரிசோதனையில் வராது. ஆனாலும் குழாயைச் சுருக்கும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் மற்ற எல்லா ஏற்பாடுகளும் பாதிப் பலன்கூடத் தராது. சன்னலோரம் நின்று பிடித்தாலும் அதே கதைதான்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் சிலருக்குக் கடும் தாக்குதலைக் கிளப்பும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில பீட்டா பிளாக்கர் மருந்துகளும் ஆபத்தானவை. கண் அழுத்தத்துக்கான டைமோலால் சொட்டு மருந்தும் அதே வகைதான். கண்ணுக்குத்தானே என்று யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வரியிலேயே ஆஸ்துமா என்று சொல்லிவிடுங்கள்.

சளிக்காய்ச்சல் பெரிய தூண்டுதல் என்பதால் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். உடற்பயிற்சியை மட்டும் விலக்க வேண்டாம். ஓடினால் இரைக்கிறது என்றால் மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, மருத்துவரைப் பாருங்கள்.

9. மூக்கையும் சேர்த்துக் கவனியுங்கள்

ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கும். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சுவிடுவோம். வடிகட்டாத உலர்ந்த காற்று நேரே உள்ளே போகும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் தினமும் எடுக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்புறம் பார்க்கும், இரத்தம் கசியாது.

10. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்

நான்கு வாரத்துக்கு ஒருமுறை நான்கு கேள்விகள்: பகலில் வாரம் இரண்டு முறைக்கு மேல் தொல்லை உண்டா? இரவில் ஒருமுறையாவது விழித்தீர்களா? வாரம் இரண்டு முறைக்கு மேல் நிவாரணி எடுத்தீர்களா? ஆஸ்துமாவால் எந்த வேலையையாவது தவிர்த்தீர்களா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது.

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: மருந்தைத் தினமும் எடுத்தீர்களா, கண்ணாடி முன் முறை சரியாக இருக்கிறதா, வீட்டிலோ பணியிடத்திலோ புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா. இவை சரியாக இருந்தும் அடங்கவில்லை என்றால் அடுத்த கட்டச் சிகிச்சைகள் உண்டு. ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஓமலிசுமாப் ஊசி அவற்றில் ஒன்று. ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டு நீளும். ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அதைத் தொடங்குவார்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து நன்றாக இருந்தால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசுவார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். பயணம், சளி, மகரந்தப் பருவம், கர்ப்பம் ஆகியவை குறைப்பதற்கேற்ற காலம் அல்ல. கர்ப்ப காலத்தில் தடுப்பு மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடு. குறைத்த பின் சில வாரம் காலையும் மாலையும் பீக் ஃப்ளோ எழுதுங்கள். எண் மஞ்சளுக்குள் இறங்கினால் அன்றே பழைய அளவைப் பற்றிக் கேளுங்கள். கையில் இருக்கும் நிவாரணியின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நலமாக இருப்பவர்களின் பையில்தான் காலாவதியான குப்பி அதிகம் கிடக்கிறது.